மெஷினா, வாயா?

பழைய இரும்புக்காரர் செவ்வாய்க்கிழமையே தராசோடு வந்துவிட்டுப் போயிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் நுழைந்து, பெஞ்சில் பூட்டியிருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை ஒரு தட்டு தட்டிப் பார்த்து, பேரிங் கழற்றும் புல்லரைத் தூக்கிக் கையிலேயே எடை பார்த்து, "எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் தரேம்மா. அதுவும் நீங்க தனியா இருக்கீங்களேன்னுதான்" என்றார்.

"நான் தனியா இருக்கிறதுக்கும் இரும்பு விலைக்கும் என்னய்யா சம்பந்தம்? தராசைத் தூக்கிட்டுக் கிளம்புங்க" என்று அவள் அனுப்பிவைத்தாள். அனுப்பிவிட்டாளே தவிர, அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று நாளில் அவளோடு நாலு வார்த்தை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அது மோட்டார் வைண்டிங் பட்டறை. புகைந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, பழையதில் எத்தனை சுற்று இருந்ததோ அத்தனை சுற்று புதுக் கம்பியைச் சுற்றி உள்ளே கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறும், இரையும், ஆறு மாதத்தில் மறுபடியும் புகையும். கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எண்ணிக்கை தப்பினால் எல்லாம் வீண்.

அவளுடைய கணவர் கைவேலையில் கெட்டிக்காரர், எண்ணுவதில் படுமோசம். காரணம் அவருடைய வாய். கையில் கம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாயில் கதை ஓடும். முப்பதா நாற்பதா என்று மறந்துபோகும். அக்கம்பக்கத்தில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். 'ரேடியோ கடை' எங்கே என்று விசாரித்துக்கொண்டு, பாட்டு வராத ரேடியோவைத் தூக்கி வந்தவர்கள்கூட உண்டு. அவர்களையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசாமல் அனுப்பமாட்டார்.

ஆகவே எண்ணும் வேலை அவளுடையதாயிற்று. இருபத்திரண்டு வருஷம் அவர் பேசினார், அவள் எண்ணினாள். எண்ணுகிறவள் நடுவில் 'ம்' கொட்டக்கூட முடியாது; எண் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு, பாவம், அந்த அம்மாவுக்கு வாயே கிடையாது என்று தோன்றும். வாய் இருந்தது. அதில் எண் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஏழு மாதத்துக்கு முன்னால், காலையில் பல் விளக்கப் போன மனிதர் குழாயடியில் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது, எண்ணுவதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. சில நாள் குழாய் சொட்டுவதை அவள் வாய் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். நூறைத் தாண்டியபிறகுதான் சுதாரித்துக்கொண்டு, "எனக்குப் பைத்தியம் பிடிச்சாச்சு" என்று சத்தமாகச் சொல்வாள். மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் ஒரு அறை, ஒரு சமையலறை. மாதக் கடைசிக்குள் மொத்தத்தையும் காலி செய்துகொடுக்கச் சொல்லிவிட்டார் கட்டடச் சொந்தக்காரர். வேறு ஊரில் இருக்கும் மகன் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான்.

"வந்த விலைக்குத் தள்ளிட்டு வாம்மா. இங்க உனக்கு என்ன குறை வைக்கப்போறோம்?"

குறை ஒன்றும் இருக்காது. மருமகளும் நல்ல பெண்தான். ஆனால் மாத்திரை வாங்க, பேரனுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்க, மகனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளால் ஆகாத காரியம். பிரஷருக்கும் சர்க்கரைக்குமாக மாத்திரைக்கு மட்டும் வருஷத்துக்கு எட்டாயிரம் ஆகிறது. ஐம்பதாயிரம் கையில் இருந்தால் ஆறு வருஷத்துக்கு யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். அதற்குமேலும் இருந்து தொலைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஐம்பதாயிரம். அதில் ஒரு காசு குறையக் கூடாது என்று உறுதியாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி வந்தார். பெரிய சாலையில் பட்டறை வைத்திருக்கிற இன்னொரு வைண்டருக்கு ஊர் வைத்த பெயர் அது. நாற்பது வயது. மூக்கில் இருக்க வேண்டிய கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் இருக்கும்; அதை நெற்றியில் வைத்துக்கொண்டே சட்டைப்பையில் தேடுவார். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றியதே அவளுக்குப் பாதி மனசை ஆற்றிவிட்டது.

"என்னக்கா, எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருக்கீங்க? பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு."

"துடைக்காம இருந்தா துருன்னு சொல்லி விலையைக் குறைப்பீங்க. துடைச்சா கிண்டலா? பாருங்க, பார்த்துட்டுச் சொல்லுங்க."

அவர் புல்லரை எடுத்துத் திருகிப் பார்த்தார். "மரை தேய்ஞ்சிருக்கே?"

"வேலை செஞ்சா தேயத்தான் செய்யும். தேயாதது வேணும்னா கடையில கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கும், அங்க போங்க."

"சரி சரி, கோச்சுக்காதீங்க." வைஸைப் பார்த்தார். கம்பி சுற்றும் மர அச்சுகளைப் பார்த்தார். "இது ஒரு முப்பத்தஞ்சு இருக்குமா?"

"நாப்பத்தொண்ணு."

"எண்ணினீங்களா?"

"எங்கிட்டயா கேக்குறீங்க?"

கண்ணாடி சிரித்தார். அந்தப் பட்டறையில் ஒரு ஆள் சிரித்து வெகுநாளாயிற்று. சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. மூலையில் கம்பி சுற்றும் மெஷின் இருந்தது. கையால் சுழற்றுகிற பழைய மாதிரி, பக்கத்தில் எத்தனை சுற்று என்று எண் காட்டுகிற சின்னப் பெட்டி. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தாண்டினார்.

"மெஷின் எனக்கு வேணாங்க்கா. எங்கிட்ட கரண்ட்ல ஓடறது இருக்கு. இதை எடைக்குப் போட்டுடுங்க. மத்தது எல்லாத்துக்கும் இருபத்தஞ்சு தரேன்."

"இருபத்தஞ்சா! அடிமாட்டு விலைக்குக் கேக்கவா குடை பிடிச்சுக்கிட்டு வந்தீங்க? முப்பத்தஞ்சு."

"அக்கா, நான் பொழைக்க வேணாமா?"

"நீங்க பொழைக்காம யாரு பொழைக்கிறது? பெரிய ரோட்டுல கடை, வாசல்ல நாலு மோட்டார் எப்பவும் நிக்குது. நான் பஸ்ல போறப்ப பார்க்காமலா போறேன்?"

இப்படியே இழுத்து முப்பதில் வந்து நின்றது. மனிதர் விடைபெறுகிறவர்போலக் குடையை எடுத்தார், மடக்கினார், பிறகு ஏதோ அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல அலமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே தடித்த அட்டைபோட்ட நீளப் புத்தகம் ஒன்று, வார்னிஷ் கறையோடு படுத்திருந்தது.

"இது என்ன, பழைய நோட்டா? இதையும் சேர்த்துக் குடுத்துடுங்க. ஏதாவது துடைக்கக் கொள்ள ஆகும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, வந்ததிலேருந்து எல்லாத்தையும் கையில எடுத்துப் பார்த்தீங்க. இந்தப் புத்தகத்தை மட்டும் எடுக்காமலே பார்த்துக்கிட்டிருந்தீங்க. நான் கவனிக்கலைன்னு நினைச்சீங்களா?"

கண்ணாடி குடையைக் கீழே வைத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். இனி விளையாட்டு இல்லை என்று அதற்கு அர்த்தம்.

சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற அத்தனை மோட்டாரின் விவரமும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஐஸ் கம்பெனி, பேக்கரி, லாட்ஜ், மர அறுவை மில், ஒவ்வொன்றுக்கும் எந்தக் கனத்தில் கம்பி, எத்தனை சுற்று என்று இருபத்திரண்டு வருஷம் அவள் கைப்பட எழுதியது. புத்தகம் கையில் இருந்தால் கருகிய கம்பியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். பக்கத்தைப் புரட்டி வேலையை ஆரம்பிக்கலாம். ஒரு நாள் வேலை மிச்சம்.

"பத்து தரேன்" என்றார்.

"இருபது. இல்லேன்னா அது இங்கேயே கிடக்கட்டும்."

அவர் கூரையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "சரிக்கா. எல்லாம் சேர்த்து ஐம்பது. சந்தோஷமா?"

ஐம்பது. அவள் நினைத்து வைத்திருந்த அதே ஐம்பது. "இருங்க, டீ போட்டுட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனாள். பால் பொங்கி வந்தது, அடங்கியது. அடுப்பை அணைக்கத் தோன்றாமல் நின்றாள். ஆறு வருஷத்து மாத்திரை முன்னறையில் சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு காத்திருக்கிறது. பேசாமல் வாங்கி முடிந்துகொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதானே? ஆனால் புத்தகத்தில் இருக்கிறபடி அவர் சுற்றினால் பாதி மோட்டார் புகையும். புகைந்தால் என்ன சொல்வார்கள்? ரேடியோ எழுதிவைத்தது எல்லாம் பொய் என்பார்கள். அந்த மனிதர் வாயால் ஆயிரம் புளுகியிருப்பார், மோட்டாரில் ஒரு சுற்று புளுகியது கிடையாது.

டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "தம்பி, பணத்தை எடுக்காதீங்க. ஒரு விஷயம் சொல்லணும். சொன்னப்புறம் விலை பேசுங்க."

மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எண் காட்டுகிற பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவைத்து, கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்னக்கா பண்றீங்க? அதான் மெஷின் எனக்கு வேணாம்னு சொல்லிட்டேனே..." பதில் இல்லை. "அக்கா?" அதற்கும் இல்லை. அவரும் எண்ணிப்பார்த்தார், எழுபது வாக்கில் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார், எண் போய்விட்டது.

அவள் நிறுத்தினாள். "நூறு சுத்து. பெட்டியில என்ன காட்டுது?"

கண்ணாடி குனிந்தார். "தொண்ணூத்தாறு."

"உள்ள இருக்கிற பல்சக்கரத்துல இருபத்தஞ்சு பல்லு. அதுல ஒண்ணு உடைஞ்சுபோச்சு. இந்த இடத்துக்குக் குடி வந்தப்ப வண்டியிலேருந்து இறக்குறேன்னு கீழ போட்டுட்டாரு. இருபத்தஞ்சு சுத்தினா இருபத்திநாலுதான் காட்டும்."

"மாத்தியிருக்கலாமே? சின்னச் சக்கரம்தானே?"

"அடுத்த மாசம் மாத்தலாம், அடுத்த மாசம் மாத்தலாம்னாரு. அதுவரைக்கும் சமாளிக்கணுமே? பெட்டியில என்ன எண் வந்தா நிறுத்தணுமோ அந்த எண்ணையே புத்தகத்துல எழுதச் சொன்னாரு. அம்பது வேணும்னா நாப்பத்தெட்டுன்னு எழுதினேன். அப்படியே அம்பது அறுபது பக்கம் எழுதியாச்சு. அதுக்கப்புறம் எப்படி மாத்தறது? சக்கரத்தைச் சரிபண்ணினா புத்தகம் முழுக்கத் தப்பாயிடும். பல்லு உடைஞ்ச சக்கரத்தோடயே குடித்தனம் பண்ணிட்டோம்."

கண்ணாடி வாயைப் பிளந்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி ரேடியோ அண்ணே! மெஷினைச் சரிபண்றதுக்குப் பதிலா புத்தகத்தைக் கோணலாக்கிட்டாரா!" சிரித்து முடித்து விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "பரவால்லக்கா. இருபத்திநாலுக்கு ஒண்ணு கூட்டிக்கிட்டா சரியாப்போச்சு. நல்லவேளை சொன்னீங்க."

"முழுசா சொல்லி முடிக்கலை. எல்லாம் மெஷின் எண் கிடையாது. சிலது வாயி."

"வாயின்னா?"

"மெஷின்ல சுத்தினா நான் சமையல்கட்டுல என் வேலையைப் பார்த்துக்கிட்டிருப்பேன். அவருக்குப் பேச ஆள் வேணும்னு தோணிச்சுன்னா மெஷினை ஓரங்கட்டிட்டு, மர அச்சை எடுத்து வெச்சுக் கையால சுத்த உக்காந்துடுவாரு. கையால சுத்தினா எண்ண நான் எதிர்ல வந்து உக்காரணுமே. அன்னிக்கு நான் எண்ணினது சரியான எண். அதை அப்படியேதான் எழுதினேன்."

"எது மெஷின், எது வாயின்னு அடையாளம் போட்டிருக்கீங்களா?"

"படிக்கப்போறது நாங்க ரெண்டு பேருதானே? அடையாளம் எதுக்கு? அவருக்குச் சந்தேகம் வந்தா இங்கேருந்து கத்துவாரு, 'மெஷினா, வாயா?'ன்னு. நான் உள்ளேருந்து சொல்வேன்."

மழை கொஞ்சம் வலுத்தது. கண்ணாடி காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? அப்ப ஒண்ணும் கெட்டுப்போகலை. வாய் எதுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி வெச்சுக் குடுத்துடுங்க. உண்மையைச் சொன்னதுக்கு ஐம்பதுல ஒரு காசு குறைக்கமாட்டேன். நான் உக்காந்திருக்கேன்."

நியாயமான பேச்சு. ஒரு மணி நேர வேலை. அவள் பென்சிலை வாங்கினாள், புத்தகத்தை மடியில் விரித்தாள்.

ஐஸ் கம்பெனி, அறுபத்திநாலு. வாய். அன்றைக்கு அவர், தப்பான பஸ்ஸில் ஏறி முன்பின் தெரியாத கல்யாணத்தில் போய் இறங்கி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையோடு போட்டோவும் எடுத்துக்கொண்ட கதையைச் சொன்னார். சிரிப்பை அடக்கி அடக்கி எண்ணியதில் அவளுக்கு வயிறு வலித்தது. ஒரு புள்ளி வைத்தாள்.

பக்கங்களைப் புரட்டினாள். பேக்கரி, அறுபத்தாறு. வாய். புள்ளி வைக்குமுன்னே கைவிரல் தானாக அடுத்ததற்குப் போயிற்று. லாட்ஜ் தண்ணீர் மோட்டார், ஐம்பத்தெட்டு. வாய். அன்றைக்கு நடுவில் கையை நிறுத்தாமலே அவர் கேட்டார்: "இத்தனை வருஷமா நான் பேசறேனே, ஏதாவது உன் காதுல விழுதா?" அவள் அப்போது நாற்பத்தொன்றில் இருந்தாள். ஐம்பத்தெட்டை முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று இருந்தாள். முடிவதற்குள் அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது. இந்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துவிட்டால், அதோடு முடிந்தது. பிறகு உலகத்தில் ஒருத்தருக்கும் அவளிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள். அது வேறு. அவளுக்கு மட்டும் தெரிந்தது என்று எதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

புத்தகத்தை மூடினாள். "புள்ளி வைக்கமாட்டேன் தம்பி."

"என்னாச்சுக்கா? கண்ணு தெரியலையா? நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க."

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. எந்த மோட்டார் வருதோ அப்ப போன் பண்ணிக் கேளுங்க. நான் சொல்றேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான்."

அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்தார். "விளையாடுறீங்களா? உங்களுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்து படுத்துக்கிட்டா நான் யாரைக் கேக்குறது? போன் எடுக்கலைன்னா?"

"எடுப்பேன். எடுக்கலைன்னா கருகின கம்பியை எண்ணிக்கோங்க. எல்லா வைண்டரும் அதைத்தானே பண்றாங்க?"

"அப்ப அது பாதிப் புத்தகம்தான். பாதிப் புத்தகத்துக்கு முழு விலை தர முடியாதுக்கா. பத்து குறைச்சுக்கிறேன்."

"எட்டு குறைச்சுக்கோங்க."

ஒரு வருஷத்து மாத்திரை. சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "புள்ளி வைக்கமாட்டேன்னா எட்டாயிரத்தை விடுறீங்க? நஷ்டம் உங்களுக்குத்தானே?"

"எனக்குத்தான். நீங்க ஏன் கவலைப்படறீங்க? டீ ஆறுது, குடிங்க."

நாற்பத்திரண்டை எண்ணி வைத்தார். சரக்கு ஆட்டோவைக் கூப்பிட்டு, மழை படாமல் மேலே தார்ப்பாய் போட்டு எல்லாவற்றையும் ஏற்றினார்கள். மெஷினை அவளே பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். "இதையும் கொண்டுபோங்க. புத்தகமும் இதுவும் ஒண்ணாவே இருந்து பழகினது. விலை ஒண்ணும் வேணாம். சக்கரத்தை மட்டும் மாத்திடாதீங்க."

"மாத்தலைக்கா, மாத்தலை" என்றார் கண்ணாடி, பயந்தவர்போல.

வண்டி போனபிறகு பட்டறை பெரிதாகத் தெரிந்தது. மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் கறுப்பேறாமல் சதுரமாக வெளுத்திருந்தது. சாயங்காலம் மகன் கூப்பிட்டான்.

"எவ்வளவும்மா வந்துச்சு?"

"நாப்பத்திரண்டு."

"ஐம்பதுக்குக் குறையக் கூடாதுன்னு குதிச்சியே?"

"மிச்சத்தை நான் விக்கலை" என்றாள். அவன் ஏதோ பழைய சாமானை அவள் மூட்டை கட்டிக்கொண்டு வரப்போகிறாள் என்று நினைத்து, "இங்க வெக்க இடமில்லம்மா" என்றான்.

மகன் வீட்டில் நாலாவது மாடி. காலை எட்டரைக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போவான். கதவு சாத்தும் சத்தத்துக்குப் பிறகு சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. சமையலறைத் துணியைத் துவைத்துக் காயப்போடுவாள். சோறு வைத்து முட்டையை வேகவைத்துத் தனியாகச் சாப்பிடுவாள். போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனாள். முதல் வாரம் கண்ணாடியிடமிருந்து போன் வரவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மனிதர் கருகிய கம்பியையே எண்ணிக்கொள்கிறார்போலிருக்கிறது, எட்டாயிரத்தைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பிட்ட மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணினாள். எதிர்க் கட்டடத்தில் எத்தனை ஜன்னல் என்று எண்ணினாள். எழுபத்திரண்டு.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது.

"அக்கா, நான்தான், கண்ணாடி. பேக்கரி மோட்டார் புகைஞ்சு வந்திருக்கு. ரொட்டி போட முடியலைன்னு ஆள் தலைமேலயே நிக்கிறாரு. புத்தகத்துல அறுபத்தாறுன்னு இருக்கு. மெஷினா, வாயா?"

அவர் பேக்கரி என்று சொன்னபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவள் கணவர், ஏற்கெனவே நாலு தடவை சொன்ன நாய் துரத்திய கதையை ஐந்தாவது தடவையாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நாய் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வரும். வாய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கண்ணாடி அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்வார், போனை வைத்துவிடுவார். பேக்கரி மோட்டாரைப் பற்றி அப்புறம் ஒருநாளும் கேட்கமாட்டார்.

அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இருங்க தம்பி, சட்டுன்னு ஞாபகம் வரலை" என்றாள். "அங்க மழை விட்டுடுச்சா?"